முப்பத்தாறு

சித்தேரி,
20-6-1968

இயேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு ராஜமேரி எழுதுவது. மலை ஏறி வந்த களைப்பில் இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது. இப்போது வடிந்துவிட்டது. வேறு குறையில்லை. அங்கே நீங்களும் அண்ணியும் புஷ்பாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் ஒரே அறைதான். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. பதிவேட்டில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது, வருவது பதினொரு பேர். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. காவேரி என்று மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். சிலேட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அதற்குள், "எனக்கு ஒண்ணும் வராதுங்க டீச்சர்" என்றாள். நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை அண்ணா. சந்தைக்குக் கீழே இறங்கினால் ஆளாளுக்கு இவர்களை ஒன்றும் தெரியாத ஜனம் என்றுதான் பேசுகிறார்களாம். எட்டு வயதுக்குள் பிள்ளை அதைத் தன்னுடைய எண்ணமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். திட்ட வேண்டாம். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் அம்மா" சொல்லத் தேவையில்லை. அன்று காலையில் தான் செய்ததோ பார்த்ததோ ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். "ரெண்டு கொடம் தண்ணி எடுத்தாந்தேன்." "பன்னி பூந்து சாமக் கொல்லைய மேஞ்சுட்டுது." நானும் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். அரை மணி ஆகிறது, ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். காவேரி மட்டும் இன்னும் பேசவில்லை.

தபால்காரர் சென்றாயன் மூலம் ஒரு புட்டி தேன் அனுப்பியிருக்கிறேன். புஷ்பா ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அத்தையின் முத்தம் அவளுக்கு.

தங்கள் அன்புத் தங்கை,
ராஜமேரி


இண்டூர்,
8-7-1968

இயேசு மரி சூசை

தங்கை ராஜமேரிக்கு சவரிமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் அனைவரும் சுகம். தேன் வந்து சேர்ந்தது. மூடியைச் சரியாகத் திருகாததால் கால் புட்டி சென்றாயன் பைக்குப் போய்விட்டது.

நீ செய்யும் காரியம் எனக்குச் சம்மதம் இல்லை. வருகைப் பதிவேடு சர்க்காருடைய ஆவணம். அதை எடுத்து வைத்துக்கொண்டு பன்றி மேய்ந்த கதை கேட்பதற்கு அரசு உன்னை அங்கே அனுப்பவில்லை. நான் வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்லாதவன் வராதவன் என்பது என் வகுப்பில் முதல் நாளிலிருந்து விதி. அதனால்தான் என் பிள்ளைகள் தூங்குவதில்லை. தலைமையாசிரியர் ஆன பிறகும் ஐந்தாம் வகுப்பை நானே வைத்திருப்பது அந்த ஒழுங்குக்காகத்தான்.

பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பாடம் எப்போது நடத்துவாய்? முதலில் வாய்ப்பாடு வரட்டும். மற்றது தானாக வரும்.

இங்கே மழை இல்லை. கேழ்வரகு விதைப்பு தள்ளிப்போகிறது. குளிருக்குக் கம்பளி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன் சவரிமுத்து


சித்தேரி,
2-8-1968

இயேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கத்துடன் தங்கை. நான் சுகம். அங்கே மழை பெய்ததா, அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று தெரிவியுங்கள்.

உங்கள் திட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஆனால் பதினொன்று இப்போது பத்தொன்பது ஆகியிருக்கிறது. யாரையும் நான் வீட்டுக்குப் போய் இழுத்து வரவில்லை. காவேரி பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தாள். இருபதாம் நாள், "எங்க ஆட்டுக்கு கால்ல முள்ளு, நான்தான் எடுத்தேன்" என்றாள். அதோடு சிலேட்டை அவளே கேட்டு வாங்கினாள். நான் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கோடைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதைத்தான் செய்கிறேன். பிள்ளை தன்னை ஒரு பொருட்டாக நினைக்காதவரை அதற்குள் எந்தப் பாடமும் தங்காது என்றார்கள். அப்போது கேட்டுக் குறித்துக்கொண்டதோடு சரி. இங்கே வந்துதான் புரிகிறது.

உங்கள் கடிதத்தில் புஷ்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வருஷமெல்லாம் மாதம் ஒன்று எழுதுவாள். நீங்கள் சிவப்பு மையில் பிழை திருத்தித்தான் தபாலில் போடுவீர்கள். திருத்தம் எது, கடிதம் எது என்று தேடிப் படிப்பேன். திருத்தாமலே ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
ராஜமேரி


இண்டூர்,
10-9-1968

இயேசு மரி சூசை

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. பதில் தாமதம். பள்ளி வேலை அதிகம். உன் அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது. இரண்டு உழவுக்குப் போதுமான மழை பெய்தது.

புஷ்பமேரி ஐந்தாம் வகுப்பில்தான் இருக்கிறாள். முழுப் பரீட்சையில் கணக்கில் முப்பத்துமூன்று. தேர்ச்சிக்கு இரண்டு குறைவு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். இவ்வளவு கண்டிப்பான தகப்பனை இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் முனிராஜ் கவுண்டர் எழுந்து சொன்னார். அவர் மகனும் தோற்றவன்தான். அதன்பின் யாரும் என்னிடம் சிபாரிசுக்கு வரவில்லை.

அவளுக்கு இப்போது கடிதம் எழுத நேரம் இல்லை.

விதி தெரிந்துகொள்ள ஒன்று கேட்கிறேன். பெயர் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை உன் பதிவேட்டில் எப்படிக் குறிக்கிறாய்?

இப்படிக்கு,
சவரிமுத்து


சித்தேரி,
22-9-1968

இயேசு மரி சூசை

அன்புள்ள அண்ணா, நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

வந்திருக்கும் பிள்ளையை வந்ததாகத்தான் குறிப்பேன். காவேரி பேசாத பத்தொன்பது நாளும் அவள் பெயருக்கு நேரே வருகைதான் போட்டிருக்கிறேன். கண் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இல்லையென்று என் கையால் எப்படி எழுதுவது?

யார் அண்ணா அந்தப் பிள்ளை?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராஜமேரி


இண்டூர்,
3-11-1968

ராஜமேரி கண்ணுக்கு உன் அண்ணி மதலேனம்மாள் சொல்ல, பக்கத்து வூட்டுக் காசியம்மாள் எழுதுகிற காயிதம். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். நான் சொல்றத அப்படியே எழுதறேன்னு மாதாமேல சத்தியம் பண்ணியிருக்கிறாள். நான் நல்லாயிருக்கேன். நீ நல்லாயிருக்கியா கண்ணு.

உன் காயிதத்தை எல்லாம் உங்கண்ணன் வாசிச்சுக் காட்டுவாரு. போன காயிதத்த மட்டும் காட்டல. மடிச்சு சட்டைப் பையிலயே வச்சிருக்காரு. அதனாலதான் எழுதச் சொன்னேன்.

புள்ள பள்ளிக்கூடத்துல பேசறதில்ல. சூன் மாசம் தொறந்த அன்னைக்கே பேரு கூப்புட்டதும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா. பதில் சொல்லாதவங்க வராதவங்கன்னு அவரு ஒரு சட்டம் வச்சிருக்காரே, அதுக்காகப் பெத்த மகள எதிர்ல உக்கார வச்சுக்கிட்டே தெனமும் வரலன்னு போடறாரு. நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு பேரும் ஒரே சோத்துச் சட்டியில திங்கறாங்க, ஒருத்தருக்கொருத்தர் பேச்சில்ல. அவர அப்பான்னு கூப்புடறதில்ல. எங்கிட்டச் சொல்லும்போது பெரிய சார்னுதான் சொல்றா. "நான் மக்குதானேம்மா, எனக்கு எதுக்குப் பொஸ்தகம்"னு அன்னைக்குக் கேட்டா.

இன்னொண்ணும் இருக்கு. கணக்குப் பேப்பர் திருத்தின அன்னைக்கு மத்தியானம் சோறு போட வந்தேன். புள்ளயோட பேப்பர வச்சுக்கிட்டு பிளேடால சொரண்டிக்கிட்டு இருந்தாரு. எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பரு தெரியும். முப்பத்தாறுன்னு இருந்துது. ஆறச் சொரண்டி மூணு போட்டாரு. ஏன்னு கேட்டேன். ஒரு மார்க்குத்தான் மேல இருக்குது, அப்பன் போட்டுக் கொடுத்த மார்க்குன்னு ஊரு சொல்லும், எம் பேரு கெட்டா பள்ளிக்கூடம் கெட்டுதுன்னாரு. புள்ள கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. அவருக்கு அது தெரியாது.

நான் சொன்னதா எழுதிப்போடாத கண்ணு. ஆனா எதாவது எழுது.

இடது கைப் பெருவிரல் ரேகை,
மதலேனம்மாள்


சித்தேரி,
14-11-1968

இயேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். என் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் பதிலைக் காணவில்லை. பதில் வராதென்றே வைத்துக்கொண்டு, இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் உங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். உங்களுக்கு இருபது வயது, எனக்குப் பத்து. அரைப் பரீட்சைத் தாள் கொடுத்த அன்று என்னை எழுப்பி நிறுத்தி வகுப்புக்குச் சொன்னீர்கள்: "இவ என் தங்கச்சி. அதனால இவளுக்கு ரெண்டு மார்க்கு கொறச்சிருக்கேன். எங்கிட்ட பாரபட்சம் கெடையாது." எல்லோரும் உங்களையே பார்த்தார்கள். அப்பாவுக்கும் அன்று பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம் அதையே பேசியது.

என்னை யாரும் பார்க்கவில்லை அண்ணா. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் நான் இரண்டு குறைவு என்றே எனக்குத் தோன்றும். பயிற்சிப் பள்ளியில் முதலாவதாக வந்தபோதும் யாரோ தவறாகக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனபோது எனக்கு வருத்தம்கூட இல்லை, எதிர்பார்த்ததுதான் என்றிருந்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீங்கள் எனக்காக எவ்வளவோ செய்தீர்கள். உங்கள் கம்பளியைக் கொடுத்துத்தான் என்னை மலைக்கு அனுப்பினீர்கள். அந்த நன்றியும் கோபமும் ஒன்றையொன்று தின்னாமல் இருபது வருஷமாகக் கிடக்கின்றன.

நியாயமானவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்கு உங்கள் கைக்கு எட்டிய பிள்ளை நான். இப்போது உங்கள் கைக்கு எட்டுகிற பிள்ளை யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புஷ்பாவை என்னிடம் அனுப்புங்கள்.

ராஜமேரி


இண்டூர்,
6-1-1969

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். திருநாளுக்குப் பிள்ளையை அனுப்பவில்லை. பூசைக்கு மட்டும் போய் வந்தோம். உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் மூன்று முறை காகிதத்தைக் கிழித்தேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலைகளை எண்ணினார். ஏட்டில் முப்பத்துமூன்று, தரையில் முப்பத்துநான்கு. இந்தப் பெண் யார் என்றார். என் மகள் என்றேன். பதிவேட்டைப் புரட்டினார். ஜூன் முதல் நூற்றுப் பதினோரு நாள் ஆப்சென்ட். "தினமும் வந்தாளா?" என்று கேட்டார். வந்தாள் என்றேன். "பின்னே ஏன் சார் இப்படி?" என்றார். நான் என் விதியைச் சொன்னேன். வாயால் சொல்லிக் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவர் ஒன்றும் எழுதவில்லை. திருத்திச் சுருக்கொப்பம் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுதியிருந்தால் தேவலை.

நூற்றுப் பதினோரு இடத்திலும் சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அவள் கணக்கில் எடுத்தது முப்பத்தாறு. நான்தான் சுரண்டினேன். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். சுரண்டிய இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. உன் இரண்டு மதிப்பெண்ணை நான் மறந்தே போயிருந்தேன், ராஜமேரி. ஒரு நல்ல காரியம் செய்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

இப்போது அவளுக்கு வருகை போடுகிறேன். ஆனால் அவள் பேசவில்லை. கூப்பிட்டுவிட்டு நிற்கிறேன். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கிறது. தலை இன்னும் தாழ்கிறது. நாற்பது வயதுக்காரன், தலைமையாசிரியன், கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

அண்ணன்


சித்தேரி,
20-1-1969

இயேசு மரி சூசை

அன்புள்ள அண்ணா, உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அருகில் இருந்து கேட்க வேண்டும்போல் இருந்தது.

பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிற்காதீர்கள். வருகையைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். அவள் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிகிறதென்று அவளுக்குத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பேச வைக்கப் பார்த்தால் அதுவும் இன்னொரு பரீட்சை ஆகிவிடும்.

நான் இங்கே செய்வதைச் செய்து பாருங்கள். ஆனால் பிள்ளைகளைக் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லுங்கள். அன்று செய்த ஒன்று, பெரிதாக வேண்டாம். பிழையாகச் செய்ததென்றால் இன்னும் நல்லது. பெரிய சார் பிழை செய்வாரா என்று இருபது வருஷமாக அந்த வகுப்புக்குத் தெரியாது.

முப்பத்தாறைப் பற்றி எப்போது சொல்வதென்று நான் சொல்ல மாட்டேன். சொல்லும்போது ஏன் செய்தீர்கள் என்று விளக்காதீர்கள். விளக்கினால் மறுபடி எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள்.

"என்ன செய்யட்டும்" என்று நீங்கள் என்னைக் கேட்ட கடைசி வரிக்கு நான் அழுதேன். அது போதும் அண்ணா, எனக்கு.

ராஜமேரி


இண்டூர்,
9-3-1969

இயேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு, சுகம். உன் அண்ணி இந்த முறை உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அதில் இருந்ததைவிட அதிகமாக அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்படியென்று நான் கேட்கவில்லை.

முதல் நாள், காலையில் சட்டைப் பொத்தான் தைத்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன் என்றேன். வகுப்பு பயந்துபோய் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள், தருமபுரிக்குப் போக வேண்டியவன் கவனிக்காமல் பென்னாகரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததைச் சொன்னேன். முனிராஜ் கவுண்டர் மகன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். சிரி என்றேன். அதற்குப் பிறகு ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதல் பாடவேளை பாதி போகிறது. உன்னைத் திட்டிய வாயால் இதைச் சொல்கிறேன்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, என் முறைக்கு இதைச் சொன்னேன்: "போன வருசம் ஒரு புள்ளையோட கணக்குப் பேப்பர்ல நான் மூணு மார்க்க பிளேடால சொரண்டிட்டேன். அந்தப் புள்ள பாசு. நான் செஞ்சது தப்பு." நீ சொன்னபடி காரணம் சொல்லவில்லை. தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். பிறகு பெயர்களைக் கூப்பிட்டேன். அவள் பெயர் வந்தது. வருகை போட்டேன். அடுத்த பெயருக்குப் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் ஆகிறது. இன்னும் இல்லை. நான் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறேன்.

இந்த வருஷம் கணக்குத் தாளை நான்காம் வகுப்புச் சின்னப்பன் சாரைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என் கைமேல் நம்பிக்கை இல்லை.

அண்ணன்


இண்டூர்,
18-4-1969

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தைக்கு புஷ்பமேரி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்கள் நல்லா இருக்கீங்களா. காவேரி நல்லா இருக்காளா. அவள் ஆட்டுக்குக் கால் சரியாயிடுச்சா.

எங்களுக்கு முழுப் பரீட்சை முடிஞ்சுது. கணக்கில் ஒரு கணக்கு விட்டுட்டேன். மத்ததெல்லாம் போட்டேன். மார்க்கு இன்னும் தெரியாது.

பரீட்சைக்கு முன்னாடி ஒரு நாள் பெரிய சார் பேரு கூப்பிட்டாங்க. எல்லாரும் சொன்னாங்க. சௌந்தரி, கோழி அடைகாக்குதுன்னு சொன்னா. அப்புறம் என் பேரு. அவங்க ஏட்டைப் பார்த்துக்கிட்டே அடுத்த பேருக்குப் போகப் போனாங்க. நான் எழுந்திருச்சு, "கணக்குல நான் முப்பத்தாறு எடுத்தேன்" அப்படின்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

பெரிய சார் பேனாவை வச்சுட்டாங்க. "ஆமாம்மா, முப்பத்தாறு" அப்படின்னாங்க. நான் உட்கார்ந்துட்டேன்.

லீவுக்கு அம்மாவும் நானும் மலைக்கு வரோம். வழியில் அட்டை கடிக்குமா, எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதி முடிச்சதும் அப்பா வந்து பார்த்தாங்க. சிவப்புப் பேனா பையில் இருந்துது. "திருத்தட்டுமா?" அப்படின்னு கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னேன். சரின்னு சொல்லி, ஒட்டறதுக்குப் பசை எடுத்துட்டு வரப் போயிருக்காங்க.

அன்புள்ள,
புஷ்பமேரி